சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டுகிறவர்கள்

ஓசூர் சிப்காட் பக்கம் கம்ப்யூட்டர் பிரிவில் யாரைக் கேட்டாலும், "எங்க பேக்கப் டேப் எல்லாம் என்கிரிப்ட் பண்ணியாச்சு சார்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். சாவி எங்கே தம்பி என்று கேட்டால்தான் முகம் மாறுகிறது.

நம் வயதுக்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். தினமும் இரவு கம்பெனிக் கணக்கையெல்லாம் உள்ளங்கை அகல கேசட்டில் நகல் எடுப்பார்கள். 2007-ல் வந்த எல்டிஓ-4 கேசட் ஒன்று 800 ஜிபி பிடிக்கும். எழுதும்போதே டிரைவே 256 பிட் பூட்டுப் போடும் வசதியும் அதோடுதான் வந்தது. பூட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2005-ல் பாங்க் ஆஃப் அமெரிக்காவின் டேப்புகள் வழியிலே தொலைந்துபோனது தெரியவந்து, 12 லட்சம் அரசு ஊழியர்களின் விவரம் என்னவாகுமோ என்று அந்த நாடே பதறியது.

ஆனால் சாவி கேசட்டில் இருக்காது. தனியாக ஒரு சர்வரில் இருக்கும். அது படுத்துவிட்டால்? "அதுக்கும் பேக்கப் இருக்கு சார்." எங்கே? அதே பூட்டிய டேப்பில்!

சிரிக்காதீர்கள். பெயர் சொல்ல விரும்பாத ஒரு தொழிற்சாலையில் இதைக் கண்ணால் பார்த்தேன். டேப் அலமாரி நிறைய இருந்தது, ஒன்றைக்கூடத் திறக்க முடியவில்லை. பாஸ்வேர்டு தெரிந்த பையன் பெங்களூருக்கு வேலை மாறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. காகித பில்லைப் பார்த்து மூன்று மாதக் கணக்கைத் திரும்ப அடித்தார்கள். மேனேஜர் திட்டியது அந்தப் பையனை. டேப்புக்கு லட்சக்கணக்கில் செலவழித்தவர்கள், சாவிக்கு ஒரு மொத்த நோட்டும் இரண்டு கையெழுத்தும் ஏற்பாடு செய்யாததைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பேங்க் லாக்கருக்கே நம் சாவி ஒன்று, அவர்கள் சாவி ஒன்று என்று இரண்டு வேண்டியிருக்கிறதே!

கம்பெனிச் சட்டம் கணக்குப் புத்தகங்களை 8 வருஷம் வைத்திருக்கச் சொல்கிறது. இந்தக் காலத்தில் எந்தப் பையன் ஒரே கம்பெனியில் 8 வருஷம் இருக்கிறான்? டிரைவும் மாறிவிடுகிறது. எல்டிஓ-4 கேசட்டை எல்டிஓ-6 டிரைவ் படிக்கும், எல்டிஓ-7 படிக்காது. சாவி பத்திரமாக இருந்தும் பிரயோஜனம் இல்லாமல் போகும்.

2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸில் ஐந்து சர்வர்களைத் திருடர்கள் பூட்டிவிட்டார்கள். வாரக்கணக்கில் கையால் சீட்டு எழுதினார்கள். பாதிக்கப்படாத பேக்கப் சர்வர் ஒன்று இருந்ததால் தகவல் திரும்பக் கிடைத்தது. அங்கே திருடன் போட்ட பூட்டு. இங்கே நாமே போட்டுக்கொள்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் கொல்லைக்கு யானை வரும். சோலார் வேலி போட்டவர் அதோடு தூங்கிவிடுவதில்லை. கரண்ட் ஓடுகிறதா என்று சாயங்காலம் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார். மாதம் ஒரு டேப்பை எடுத்து, வேறு ஒரு சர்வரில் திறந்து பார்க்க அரை நாள் ஆகுமா? அதற்கு ஆள் இல்லையாம்.

நான் பார்த்த ஆடிட் படிவங்களில் 'என்கிரிப்ஷன் உண்டா' என்று டிக் அடிக்க ஒரு கட்டம் இருந்தது. 'போன மாதம் எந்த டேப்பைத் திறந்து பார்த்தீர்கள், யார் திறந்தார்கள்' என்று கேட்கும் கட்டத்தை ஒன்றில்கூடப் பார்த்ததில்லை. அதை முதலில் சேருங்கள் ஐயா.