தீர்ப்பு வந்துடுச்சு சரி, நகல் எங்கே?

பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் ஆன்லைன்ல எடுக்க நமக்குத் தெரியும். ஆனா அதே நிலத்து மேல கேஸ் இருக்கா, எந்த நிலையில இருக்குன்னு வீட்டுல கேட்டா, "வக்கீலைக் கேளுங்க"ன்னு நழுவிடறோம். படிச்ச பிள்ளைகள் நாம இப்படி நழுவக் கூடாதுங்கறது என் கருத்து.

இ-கோர்ட்ஸ் இணையதளமும் அதோட மொபைல் ஆப்பும் இலவசம். ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்ற 16 இலக்க எண் உண்டு. தமிழ்நாட்டு வழக்குன்னா டி.என்.-ல தொடங்கும். அது கையில இருந்தா அடுத்த வாய்தா தேதி, பதிவேற்றின உத்தரவுகள் எல்லாம் வந்துடும். இல்லைன்னா மாவட்டம், நீதிமன்றம், வருஷம், பெயர் கொடுத்துத் தேடலாம். திருவண்ணாமலை மாவட்டத்துல ஆரணி, செய்யாறு, போளூர், வந்தவாசி, செங்கம்னு பல ஊர்ல நீதிமன்றம் இருக்கு. அதனால எந்த ஊர் கோர்ட்டுன்னு முதல்ல கேட்டுக்கணும்.

நம்ம ஊர்ல இதுல ஒரு தலைவலி உண்டு. தெருவுக்கு நாலு அருணாசலம், நாலு அண்ணாமலை! ஆங்கில எழுத்துல ஒருத்தர் 'சி.எச்.' போடுவார், இன்னொருத்தர் 'எஸ்' போடுவார். ஒரு எழுத்து மாறினா ரிசல்ட் வராது. முழுப் பெயர் போடாம முதல் சில எழுத்துகளை மட்டும் போட்டுப் பாருங்க. உச்சரிப்பை வெச்சுத் தேடற ஒரு கருவியை நம்மில் யாராவது ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டா செய்யலாமே?

முக்கியமான விஷயம் இனிமேல்தான். ஸ்க்ரீன்ல பார்க்கற உத்தரவு தகவலுக்கு மட்டும்தான். மேல்முறையீட்டுக்கோ வேற அலுவலகத்துல கொடுக்கவோ நீதிமன்ற முத்திரை போட்ட சான்றிட்ட நகல் வேணும். வழக்கு எண், தேதி, எந்த ஆவணம்னு எழுதி, கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த நீதிமன்றத்தோட நகல் பிரிவுல மனு கொடுக்கணும்.

இதைத் தள்ளிப்போட்டா நஷ்டம் பெருசு. சிவில் வழக்குல தோத்தா, உயர் நீதிமன்றத்துக்குக் கீழே இருக்கற நீதிமன்றத்துல மேல்முறையீடு செய்ய 30 நாள்தான். நகல் தயாராக எடுக்கற நாட்களை 1963-ம் வருஷ காலவரையறைச் சட்டம் கழிச்சுக் கொடுக்கும். ஆனா மனு போடறதுக்கு முன்னாடி சும்மா இருந்த நாள் கழியாது. "தை பொறக்கட்டும், பார்த்துக்கலாம்"னு இருந்தா நிலமே கைவிட்டுப் போகலாம்.

'அப்போ யார் கேஸை வேணா யாரும் தோண்டலாமா?'ன்னு கேட்பீங்க. முடியாது. வழக்குல சம்பந்தமில்லாதவங்க நகல் கேட்டா காரணம் சொல்லணும். தகவல் உரிமைச் சட்டத்துல குறுக்கு வழி இல்லை. உயர் நீதிமன்ற விதிகள்படிதான் கேட்கணும்னு 2020 மார்ச்ல உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. போக்சோ வழக்குல குழந்தையோட அடையாளத்தை வெளியிடறது குற்றம். இந்தக் கட்டுப்பாடுகள் நியாயமானவைதான்.

ஆனா நம்ம வீட்டு வழக்கைப் பத்தி நாமே கேட்காம இருக்கறதுக்கு எந்த நியாயமும் இல்லை. வக்கீல் வைக்க வசதியில்லாதவங்களுக்கு இலவச சட்ட உதவி எண் 15100-ஐச் சொல்லுங்க. இந்த வாரம் ஊருக்குப் போகும்போது வீட்டு பீரோவுல இருக்கற பழைய கோர்ட் கட்டைப் பிரிச்சு, வழக்கு எண்ணைக் குறிச்சுக்கிட்டு வாங்க. அதுக்கு ஒரு டிகிரி தேவையில்லை, அரை மணி நேரம் போதும்.