அறுவடை நேரத்தில் அணையும் கம்ப்யூட்டர்
'நெல் வரவு செலவு எழுதும் வீட்டுக் கம்ப்யூட்டர் திடீர் திடீரென அணைந்துவிடுகிறது. ஃபார்மட் செய்தால் சரியாகுமா?'
- வாசகர், அம்பாசமுத்திரம்.

ஃபார்மட் கடைசி வழி. முதலில் கணக்கை பென்டிரைவில் நகல் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பிசானக் கணக்கு மொத்தமும் போய்விடும். பிறகு, எப்போதெல்லாம் அணைகிறது என்று ஒரு வாரம் குறித்து வந்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

போட்டுச் சிறிது நேரம் ஓடிய பிறகு அணைந்தால், பெரும்பாலும் சூடுதான். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என இரண்டு அறுவடை. களத்துத் தூசி வீட்டுக்குள் வந்து, பிராசஸர் மேலுள்ள விசிறியில் அப்பிக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுக்கலாம். ஈரத்துணி கூடவே கூடாது.

பம்ப்செட் மோட்டார் போடும் நேரத்தில் அணைந்தால், கோளாறு கரண்டில். மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். வீட்டு விளக்கு மங்குவதும் அதனால்தான். இதற்கு யு.பி.எஸ். வேண்டும். ஏற்கெனவே இருந்தால் அதன் பேட்டரியைச் சோதிக்க வேண்டும்.

நீலத்திரை வந்து நின்றால் ராம் மீது சந்தேகம். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்கலாம்.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று பதிவாகியிருக்கும். முறையாக நிறுத்தாமல் அணைந்தது என்பதை மட்டுமே அது சொல்கிறது, காரணத்தை அல்ல. அதைக் காட்டி எஸ்.எம்.பி.எஸ். மாற்றச் சொன்னால், வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸை இரண்டு நாள் மாட்டி ஓட்டிப் பார்த்த பிறகு காசு கொடுக்கலாம்.