வாயுக்குழாயைப் பதித்தவர் யார்?

தமிழ்நாடு தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்குநர் அவர்களுக்கு,



சிறு பவுடர் கோட்டிங் பட்டறைக்குப் புதிதாக எல்பிஜி ஓவன் வந்து இறங்கினால் என்ன நடக்கிறது என்பது தங்கள் ஆய்வாளர்களுக்குத் தெரியாததல்ல. விற்றவர் இறக்கிவைத்துவிட்டுப் போய்விடுவார். சிலிண்டரிலிருந்து பர்னர் வரையிலான குழாய் வேலை பல இடங்களில் குறைந்த கூலி கேட்ட ஃபிட்டரிடம் போகிறது. தண்ணீர்க் குழாய் இழுத்துப் பழகியவர் அவர். சோப்பு நுரை தடவிப் பார்த்துக் குமிழி வரவில்லையென்றால் வேலை முடிந்தது. அழுத்தச் சோதனை நடந்ததா, சுடர் அணைந்தால் வாயுவை நிறுத்தும் வால்வு இயங்குகிறதா என்று எழுதிக் கையெழுத்திட்ட தாள் கிடையாது.

இப்படி மறந்துபோன ஒரு குழாயின் விலையை ஸ்காட்லாந்து கொடுத்தது. கிளாஸ்கோவின் ஸ்டாக்லைன் பிளாஸ்டிக் ஆலையில் ஓவன்களுக்கு எல்பிஜி கொண்டுபோக 1969-இல் போட்ட இரும்புக் குழாய், பின்னர் முற்றத்தை உயர்த்தியபோது மண்ணுக்குள் போனது. சரியான காப்புப் பூச்சு இல்லாததால் துருப்பிடித்தது. தோண்டிப் பார்க்கச் சொன்ன யோசனை 1988-லேயே எழுந்தும் யாரும் தோண்டவில்லை. வாயு கசிந்து நிலவறையில் சேர்ந்தது. 2004 மே 11 அன்று அது வெடித்துக் கட்டடம் இடிந்து விழுந்து 9 பேர் இறந்தார்கள்.

நமக்கு இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. குழாய்வழி இயற்கை எரிவாயு நம் தொழிற்பேட்டைகளுக்கு வந்துகொண்டிருக்கிறது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு ஓடிப் பள்ளத்தில் தேங்கும். இயற்கை எரிவாயு இலேசானது, கூரைக்கடியில் சேரும். எல்பிஜிக்காகத் தரையருகே மாட்டிய கசிவு உணரியை அப்படியே விட்டுவிட்டு எரிபொருளை மட்டும் மாற்றினால் அது எதையும் காட்டாது. பர்னர் ஜெட்டும் ரெகுலேட்டரும்கூட மாற வேண்டும். இதைப் படித்தவர்தான் செய்ய முடியும்.

மின்வேலைக்கு உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் வேண்டும் என்கிறோம். கொதிகலனைப் பற்றவைக்கச் சான்று பெற்ற வெல்டர் வேண்டும் என்கிறோம். பட்டறையின் வாயுக்குழாய்க்கு மட்டும் ஏன் இந்தத் தாராளம்?

தகுதியுள்ள வாயு நிறுவல் ஒப்பந்ததாரர்களின் பட்டியலை மாவட்டவாரியாகத் தமிழில் வெளியிடுங்கள். நிறுவியவர் பெயர், நாள், சோதித்த அழுத்தம், அடுத்த சோதனைத் தேதி ஆகியவற்றை எழுதிய தகடு ஒவ்வொரு பர்னர் அருகிலும் இருக்க வேண்டும் என்று உத்தரவிடுங்கள். செலவு கூடும் என்று சிறு முதலாளிகள் சொல்வார்கள். கூடத்தான் செய்யும். அந்தச் சோதனைக் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசே ஏற்கலாம். ஓவன் முன்னால் எட்டு மணி நேரம் நிற்கும் தொழிலாளிக்காக இதைச் செய்து தர வேண்டுகிறேன்.