ருசி பார்ப்பவனும் குடிகாரனும்



"நாங்கள் குடிப்பதில்லை, ஐயா, ருசி பார்க்கிறோம்" என்னும் பேச்சு நம் வாலிபர் நடுவே பரவிவருகிறது. நெய்வேலி நகரியத்தில் வளர்ந்து பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது இதைச் சொல்லுகிறார்கள். அந்த நகரத்தில் பியரை அங்கேயே காய்ச்சிக் குழாய் வழியாகப் பிடித்துக் கொடுக்கும் விடுதிகள் பல உண்டு. இந்திராநகரில் 2010-இல் திறக்கப்பட்ட டாய்ட் அவற்றில் பேர்பெற்றது. கோதுமை பியர், கறுத்த ஸ்டவுட், கசப்பான இந்தியா பேல் ஏல் என வகைக்கொரு சிறு குவளையாகப் பலகையில் அடுக்கி வைப்பார்களாம். (அந்தக் கடைசிப் பெயரைக் கேட்டு நாம் பெருமைப்பட ஒன்றுமில்லை, இங்கிருந்த ஆங்கிலேயருக்காகக் கப்பலேற்றப்பட்ட பானம் அது.)

பிள்ளைகளைவிடப் பெற்றோரின் பதிலே என்னை வருத்துகிறது. "அது டாஸ்மாக் குடியல்ல, நாகரிகம்" என்கிறார்கள்.

நாகரிகத்தை அளந்து பார்ப்போம். நூறு மில்லி வீதம் ஆறு குவளை ருசி. பிறகு பிடித்த வகையில் அரை லிட்டர் இரண்டு. மொத்தம் 1,600 மில்லி. நூற்றுக்கு ஐந்து பங்கு சாராயம் என்று வைத்தால், உடலுக்குள் போவது 80 மில்லி தூய சாராயம். டாஸ்மாக் கடையில் விற்கும் 180 மில்லி குவார்ட்டர் பிராந்தியில், 42.8 சதவீதக் கணக்கின்படி, இருப்பது 77 மில்லி. ஈரலுக்கு விலைப்பட்டியல் வாசிக்கத் தெரியாது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று மதுவுக்கு இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னபோது, ருசி பார்ப்பவருக்கு அது விலக்குக் கொடுக்கவில்லை.

அந்தக் குவார்ட்டரை வாங்குகிறவர் யார்? சுரங்கத்தில் ஷிப்டு முடித்து, உடம்பெல்லாம் நிலக்கரித் தூசியோடு வெளியே வரும் ஒப்பந்தத் தொழிலாளி. 2003 முதல் சில்லறை விற்பனையை அரசே டாஸ்மாக் வழியாக நடத்துகிறது. அவர் அங்கே வரிசையில் நின்றால் நமக்கு அவர் குடிகாரர். 2024 ஜூனில், நமக்கு அடுத்த கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த வாரத்திலும் "குடித்தான், செத்தான்" என்ற சொல்லை ஆலய வாசலிலே கேட்டேன். சொன்னவர்களின் வீடுகளிலும் ருசி பார்க்கும் பிள்ளைகள் உண்டு.

கொரிந்து சபையில் பவுல் கண்டித்தது என்ன என்பதை நினைத்துப்பாருங்கள். ஒரே பந்தியில் ஒருவன் பசியாயிருக்க, மற்றொருவன் வெறித்திருந்தான். மதுவோடுகூட, இல்லாதவனை வெட்கப்படுத்திய அந்த மேசையையும் அப்போஸ்தலன் கடிந்துகொண்டான்.

கானாவூர்க் கலியாணத்தை எனக்கு நினைப்பூட்டுவீர்கள். அங்கே ஆண்டவர் கொடுத்தது வெறும் பழச்சாறு என்று வாதாட நான் வரவில்லை. புளிக்காத திராட்சரசத்தைப் போத்தலில் அடைத்து நற்கருணைக்குக் கொடுக்கும் வழியை வெல்ச் என்னும் மெதடிஸ்டு பல்மருத்துவர் கண்டுபிடித்தது 1869-இல்தான். தீமோத்தேயுவின் வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளச் சொன்னவனும் பவுல்தான். ஆனால் தன் சகோதரன் இடறுவானானால் அதைத் தொடாமலிருப்பதே நலமென்று ரோமருக்கு எழுதியவனும் அவனே. உங்கள் மகனுக்குச் சுயாதீனம் உண்டென்கிறீர்கள், சரி. குடியை விட்டு ஒரு மாதமாகத் தவிக்கும் தொழிலாளி ஒருவர் அதே ஆராதனையில் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். உங்கள் மகன் குவளைப் பலகையைப் படமெடுத்து வாலிபர் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறான். அந்தக் குழுவில் அவருடைய மகனும் இருக்கிறான்.

நம் ஜெபக் குறிப்பில் இரண்டு பட்டியல்கள் உண்டு. குடியிலிருந்து விடுதலைக்காக வாசிக்கப்படும் பெயர்கள் அனைத்தும் ஒப்பந்தத் தொழிலாளர்களுடையவை. பெங்களூரில் பதவி உயர்வு பெற்ற பிள்ளைகளின் பெயர்களோ ஸ்தோத்திரப் பட்டியலில் வருகின்றன. முதல் பட்டியலைப் பெயர் சொல்லி வாசிப்பதை வரும் ஞாயிறு முதல் நிறுத்தும்படி செயலரிடம் சொல்லியிருக்கிறேன். பெயர்கள் வாசிக்கப்பட்டே ஆகவேண்டும் என்று விரும்புகிறவர்கள், தங்கள் பிள்ளைகளின் பெயர்களையும் அதில் எழுதிக் கொடுக்கட்டும்.