பதுளையில் இரண்டு நாள்

நண்பர் சிலர் கூடி, இரண்டு நாள் ஓய்வில் ஒரு நகரைப் பார்த்து மீளும் வழக்கம் ஐரோப்பாவில் வேரூன்றிய ஒன்று. இலண்டனில் இருப்போர் வெள்ளிக்கிழமை மாலை புறப்பட்டுப் பாரிஸ் சென்று, ஞாயிறு இரவு வீடு திரும்பிவிடுவர். நம்மவரிடையே பிரயாணம் என்றால் தல யாத்திரை, இல்லையேல் கலியாண வீடு, இல்லையேல் மரண வீடு. ஓர் ஊரை அறிவதற்காகவே அவ்வூருக்குப் போவது வீண் செலவு என்று கருதும் பெரியோர் இன்றும் உளர். அது வீண் செலவன்று என்பதே நமது கட்சி. ஆனால், பார்க்கும் முறை அறிந்து பார்த்தல் வேண்டும்.

ஒரு பாடசாலை விடுமுறையின்போது நாமும் நண்பர் மூவரும் கொழும்புக் கோட்டையில் காலைப் புகையிரதம் ஏறிப் பதுளைக்குச் சென்றோம். ஏறத்தாழ 180 மைல் தூரம். பகற்பொழுது முழுவதும் வண்டியிலேயே கழிந்துவிடும். பட்டிப்பொளை நிலையம் கடல் மட்டத்தினின்று 6,226 அடி உயரத்தில் உள்ளது. இலங்கையில் அதனினும் உயர்ந்த புகையிரத நிலையம் வேறில்லை. அதற்கப்பால் ஒரு சுரங்கம். அதனுள் நுழைந்து மறுபுறம் வெளிப்பட்டால் ஊவா. இப்பக்கம் மழையும் அப்பக்கம் வெயிலுமாக இருப்பதும் உண்டு.

இப்பாதை உல்லாசப் பிரயாணிகளுக்காகப் போடப்பட்டதன்று. முதலில் கோப்பியையும், கோப்பிச் செடி நோயால் அழிந்தபின் தேயிலையையும் துறைமுகம் சேர்ப்பதற்காக எழுந்தது. 1867-ஆம் ஆண்டு கண்டியை எட்டிய பாதை, 1885-இல் நானுஓயாவையும் 1894-இல் பண்டாரவளையையும் அடைந்தது. அங்கிருந்து பதுளை ஏறத்தாழ இருபது மைல்தான். ஆயினும் 1924-ஆம் ஆண்டிலேயே வண்டி பதுளைக்கு வந்தது. இருபது மைலுக்கு முப்பது ஆண்டு சென்றது!

அந்த இருபது மைலில்தான் இரண்டு அற்புதங்கள் உள்ளன. எல்ல நிலையத்திற்கும் தெமோதரைக்கும் இடையில், 1921-இல் நிறைவுற்ற ஒன்பது வளைவுப் பாலம், கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு எழுந்து நிற்கிறது. முதல் உலகப் போரின்போது இரும்பு கிடைக்காமற் போகவே இவ்வாறு கட்டினர் என்று ஊரார் சொல்வர். அடுத்தது தெமோதரைச் சுற்று. செங்குத்தான மலையில் மாடு நேரே இறங்குவதில்லை. வளைந்து வளைந்தே இறங்கும். அதே உபாயத்தைத்தான் பொறியியலாளரும் கைக்கொண்டனர். தெமோதரை நிலையத்தை விட்டு நீங்கும் வண்டி, மலையைச் சுற்றி வளைந்து இறங்கி, தான் நின்ற அந்த நிலையத்திற்கே கீழே குடைந்த சுரங்கத்தின் வழியாகச் செல்கிறது. சன்னலுக்கு வெளியே தலையை நீட்டாமல் இதனைப் பார்க்குமாறு மாணவரைக் கேட்டுக்கொள்கிறோம்.

மறுநாள் காலை பதுளை நகரைக் கால்நடையாகவே சுற்றினோம். முதியங்கணை விகாரையில் வெண்மலர் ஏந்திய கூட்டம். கதிர்காமத் தேவாலயத்தில் தமிழரும் சிங்களவரும் ஒரே முருகனை வணங்கி நின்றனர். பின்னர் புனித மாற்கு ஆலயத்திற்குச் சென்றோம். இது மேஜர் உரொஜர்ஸ் என்பவரின் நினைவாக எழுந்த கிறித்தவக் கோவில். 1,400-க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்று பெயர் பெற்ற அவர், 1845-ஆம் ஆண்டு ஹப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். ஊவாவில் வீதிகள் அமைப்பித்தவர் என்ற புகழும் அவருக்கு உண்டு.

எம்முடன் வந்த நண்பருள் ஒருவர் பதுளைக்கு அருகே ஒரு தோட்டத்தில், லயன் காம்பிராவில் பிறந்து வளர்ந்தவர். அன்னையார் கொழுந்து பறித்து அவரைப் படிக்க வைத்தார். அவர் அந்நினைவுக் கல்லை நெடுநேரம் பார்த்திருந்து, "வீதி போடச் சொன்னவருக்குக் கோவில் இருக்கிறது, வெட்டியவர்களுக்கு ஒரு கல்லாவது இருக்கிறதா, ஐயா?" என்றார். நாம் விடை கூறவில்லை. தமிழகத்துச் சிற்றூர்களினின்று கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து, நோயால் வழியிலேயே மடிந்தோர் எண்ணிறந்தோர். அவர் பெயர்கள் எந்தச் சுவரிலும் இல்லை.

பிற்பகல் துன்ஹிந்தை நீர்வீழ்ச்சி. நகரிலிருந்து மூன்று மைலளவே தூரம். வீதியை விட்டிறங்கிச் சிறிது நேரம் காட்டுப் பாதையில் நடத்தல் வேண்டும். 210 அடி உயரத்தினின்று பதுளை ஓயா விழும்போது நீர்த்திவலை புகையாய் எழுகின்றது. நண்பர் நனைந்த முகத்தைத் துடைத்தவாறே, தாம் இதனைக் காண்பது இதுவே முதன்முறை என்றார். "சின்ன வயசில பதுளைக்கு வந்ததெல்லாம் ஆஸ்பத்திரிக்கும், தீபாவளிக்கு உடுப்பு எடுக்கவுந்தான். பார்க்கிறதுக்குன்னு எங்கள யார் கூட்டிட்டு வந்தாங்க?" உலகின் மறுகோடியிலிருந்து வருவோர் படமெடுத்துச் செல்லும் அருவியை, அதன் அருகே பிறந்த பிள்ளை காணவில்லை.

மாலையில் புகையிரத நிலையத்தில் அவர் மற்றொன்றும் சொன்னார். 1964-ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று தீர்மானித்தது. அவ்வாறு சென்றோருள் அவருடைய பெரியம்மா குடும்பமும் ஒன்று. மலைநாட்டவர் வண்டியைக் 'கோச்சி' என்பர். கோச்சி நகர நகர, அக்காளின் கையை விடாமல் மேடையில் ஓடியதாக அன்னையார் அவரிடம் சொல்வாராம். தலைமன்னார் சென்று, கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கிய அக்காளை அவர் பின்னர் காணவே இல்லை. நாம் காட்சி காண வந்த பாதை அது. அவர்களுக்கு அது பிரிவின் பாதை.

இவற்றை எண்ணி உல்லாசம் கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆடி, ஆவணியில் கச்சான் காற்று உலர்த்தும் ஊவாத் தேயிலையின் மணத்தை அனுபவியுங்கள். பாலத்தையும் அருவியையும் பாருங்கள். ஆனால் பச்சைப் பட்டு விரித்தாற்போன்ற அந்தச் சரிவுகளில் குடியிருப்போரையும் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29-ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியதை மறவாதீர்கள். நமக்குக் காட்சியாக நிற்கும் மலை, அவர்களுக்குத் தலைமேல் நிற்கும் மலை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தோட்டத்துப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒரு நாளேனும் தம் மாவட்டத்தைக் காண அழைத்துச் செல்லுங்கள். வெறும் சோற்றுப் பொதியும் பஸ் கட்டணமும் போதும். பெற்றோர்களே, மழைக்காலத்தில் மண்சரிவால் பாதை மூடப்படுவதுண்டு. நிலையத்தில் விசாரித்தபின் புறப்படுங்கள். மாணவர்களே, எந்த ஊருக்குச் சென்றாலும், அது பதுளையாயினும் பாரிஸாயினும், மூன்று கேள்விகளைக் கையோடு கொண்டு செல்லுங்கள்: இதைக் கட்டியவர் யார்? அவர் எங்கிருந்து வந்தார்? அவருடைய பிள்ளைகள் இன்று எங்கே இருக்கிறார்கள்? இம்மூன்றுக்கும் விடை தேடுபவனுக்கு இரண்டு நாள் பயணமும் ஒரு கல்விதான்.