நீங்கள் கேட்டவை: பணி ஓய்வு விருந்தில் மரக்கன்று கொடுக்கலாமா?

''பள்ளி ஆசிரியரான நான், 60 வயது முடிந்து வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறேன். உடன் வேலை பார்த்தவர்களுக்கு விருந்து வைத்து, ஆளுக்கொரு மரக்கன்று கொடுக்க ஆசை. வரும் பணத்தில் ஊரில் ஆழ்துளைக் கிணறு போட்டு விவசாயம் செய்யலாமா?''

வாசகர், சிவகங்கை மாவட்டம்.

வாழ்த்துகள் ஐயா. விருந்தை மே மாதமே வையுங்கள். ஆனால், கத்திரி வெயிலில் நடும் கன்று பிழைப்பது சிரமம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நண்பர்களை உங்கள் நிலத்துக்கு அழைத்துக் கன்று கொடுங்கள். இன்னொரு முறை கூடிப் பேசியதாகவும் இருக்கும். வீட்டில் இடம் குறைவாக உள்ளவர்களுக்குக் கறிவேப்பிலை, எலுமிச்சை போதும்.

ஓய்வுப் பணம் முழுவதையும் நிலத்தில் இறக்க வேண்டாம். அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 60 வயது நிறைந்தவர்கள் 30 லட்சம் ரூபாய் வரை போடலாம். காலம் 5 ஆண்டுகள்; மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கிடைக்கும். வீட்டுச் செலவுக்கான தொகையை முதலில் அங்கே ஒதுக்குங்கள்.

முதல் ஆண்டு மானாவாரியாக உளுந்து, எள் விதைத்து மண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையில் கட்டணம் செலுத்தினால், நிலத்தடி நீரை ஆய்வு செய்து சொல்வார்கள். தண்ணீர் இருப்பது தெரிந்தபிறகு, கிணறு பற்றி யோசிக்கலாம்.