கல்மாலையும் அரைப் பவுன் தோடும்

"நகை வெறும் ஆடம்பரம், நம் பெண்கள் அதைத் துறக்க வேண்டும்" என்று தோழர்கள் சிலர் கூட்டங்களில் பேசுகிறார்கள். பேசுமுன் கொஞ்சம் வரலாற்றைப் பார்ப்போம்.

திருவிதாங்கூரில் புலையர் பெண்கள் கழுத்தில் கல்மாலைதான் அணிய வேண்டும் என்பது சாதிக் கட்டளை. பார்த்ததுமே இன்ன சாதி என்று தெரிய வேண்டும், அதற்காகத்தான் அந்தக் கல். அய்யன்காளியின் இயக்கம் அதைக் கழற்றச் சொன்னது. 1915 அக்டோபரில் கொல்லம் அருகே பெரிநாட்டில் கலவரம் மூண்டது, குடிசைகள் எரிந்தன. அந்த டிசம்பரில் கொல்லத்தில் ஒரு சர்க்கஸ் கூடாரத்தில் அய்யன்காளி கூட்டிய கூட்டத்தில், பெண்கள் கல்மாலைகளை அறுத்தெறிந்தார்கள்.

நம் ராமநாதபுரத்தில் கதை வேறு மாதிரி. 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். அதில் ஒன்று, பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. மீறியவர்களின் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள், கால்நடைகளைக் கொள்ளையடித்தார்கள்.

அங்கே கழற்றியதற்கு அடி, இங்கே அணிந்ததற்கு அடி. இரண்டு ஊர்ப் பெண்களும் கேட்டது ஒன்றுதான்: என் கழுத்தில் என்ன கிடக்க வேண்டும் என்பதை நான் முடிவு செய்வேன். 1927இல் மகாத்தில் அம்பேத்கர் பெண்களிடம் பேசியபோதும், தீண்டாமையை அடையாளம் காட்டும் நகைகளை விட்டுவிடுங்கள், அணிந்தே தீர வேண்டுமென்றால் பொன்னில் அணியுங்கள் என்றுதான் சொன்னார்.

பெண் நகை மாட்டும் பொம்மை அல்ல என்ற பெரியாரின் விமர்சனம் இதற்கு எதிரானதல்ல. இத்தனை பவுன் போட்டால்தான் கல்யாணம் என்று நம் தெருவிலும் பேரம் நடக்கிறது. அதை எதிர்த்தே ஆக வேண்டும். ஆனால் பேரம் பேசும் மாப்பிள்ளை வீட்டையும், கூலிக் காசில் தோடு வாங்கிய அம்மாவையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

களப்பணியில் நான் பார்க்கும் குடும்பங்கள் பலவற்றில் பெண்ணுக்கென்று இருக்கும் ஒரே சொத்து அந்தத் தோடுதான். பிள்ளையின் கல்லூரிக் கட்டணமோ ஆஸ்பத்திரிச் செலவோ வந்தால் அதுதான் அடகுக் கடைக்குப் போகிறது. திரும்பி வராமல் வட்டியில் மூழ்குவதும் உண்டு. நிலம் இருந்திருந்தால் காதைக் கழற்ற வேண்டியிருக்காது. பஞ்சமி நிலத்தைப் பறிகொடுத்த சமூகத்தில் தங்கத்தைப் பற்றிய பேச்சு நிலத்தைப் பற்றிய பேச்சாகவும் இருக்க வேண்டும்.

தோழர்களே, அந்த அம்மாவின் காதில் கிடக்கும் அரைப் பவுனைக் குறை சொல்லுமுன், அவர் பெயரில் ஒரு சென்ட் பட்டா இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், நம் வேலை அங்கிருந்து தொடங்கட்டும்.